பெங்களூரில் மரத்தடித் தியானம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வேலைக்காகப் பெங்களூர் வந்து பிஜி விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமாகக் குடியிருப்பவருக்கு, ஊரில் பழகிய காலை ஜெபம் சில வாரங்களிலேயே நழுவிப் போகும். ஒரே அறையில் நான்கு பேர். ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். கவலை மட்டும் கூடவே வரும்: வாடகை, அப்ரைசல், ஊரில் அம்மாவின் மருந்துச் செலவு, தள்ளிப்போகும் கல்யாணம். கவலையைப் பற்றிப் பேசிய இடத்தில் இயேசு ஆகாயத்துப் பட்சிகளையும் காட்டுப்புஷ்பங்களையும் பார்க்கச் சொன்னார் (மத்தேயு 6:25-34). பலமுறை வாசித்த பகுதிதான். ஆனால் வாசித்தபின் எழுந்து வெளியே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. அதை ஒரு பயிற்சியாகச் செய்வது எப்படி என்பதை இங்கே சொல்கிறோம். வேண்டியவை நாளுக்கு 20 நிமிடம், வீட்டுப் பக்கத்தில் ஒரு மரம், வேதாகமம், சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். எந்த உயிரையும் முதலில் அது இருக்கிறபடியே பார்க்க வேண்டும். பாடம் பிறகு வரும். பார்த்த முதல் நிமிடத்திலேயே 'இதிலிருந்து ஆண்டவர் எனக்கு என்ன சொல்கிறார்' என்று தேடுகிறவர், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பச் சொல்லிக்கொள்வார். அது இரண்டு வாரத்தில் சலித்துவிடும். பொறுமையாகப் பார்க்கிறவருக்கு வசனம் புதிதாகத் திறக்கும். சில சமயம் இடறலாகவும் இருக்கும். அந்த இடறலும் நல்லதே.

இடம் தேர்வு

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். லால்பாக்கும் கப்பன் பார்க்கும் அருமையான இடங்கள், ஆனால் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் மனம் களைத்துவிடும். அவற்றை மாதம் ஒருமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினசரிக்குத் தெருமரம் போதும். ஒரே மரத்தைப் பல மாதம் பார்ப்பதில்தான் பயன் அதிகம்.

எந்த மரம்? புங்க மரத்தைச் சிபாரிசு செய்கிறோம். பெங்களூர்த் தெருக்களில் தாராளமாக இருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்பதானால் கன்னடப் பெயரான 'ஹொங்கே' என்று கேளுங்கள், உடனே காட்டுவார்கள். பிப்ரவரி வாக்கில் இலை உதிர்த்து, மார்ச்சில் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இளம்பச்சைத் தளிர் விட்டு, தொடர்ந்து பூத்து, பிறகு காய்க்கும். ஆண்டு முழுவதும் பார்க்க ஏதாவது இருக்கும். தூங்குமூஞ்சி மரமும் நல்லது. அரசமரம் என்றால் பறவைகள் அதிகம் வரும், ஆனால் இந்த ஊரில் பல அரசமரங்களைச் சுற்றி மேடை கட்டி நாகக்கல் வைத்துப் பூஜை நடக்கும். அங்கே போய் உட்காராதீர்கள். அது மற்றவர்களின் வழிபாட்டு இடம். மரியாதையாக வேறு மரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்பார்மருக்கு அடியில் நிற்கும் மரம் வேண்டாம். குப்பை கொட்டும் முனையும் வேண்டாம், அங்கே தெருநாய்கள் கூட்டமாக இருக்கும். காய்ந்த கிளை தொங்கும் குல்மோஹர் மரத்தடியும் வேண்டாம். அதன் கட்டை எளிதில் முறியும். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழைக்கு முன் வீசும் காற்றில் இந்த நகரத்தில் மரங்கள் சாய்வது வழக்கம். இருட்டிக்கொண்டு வந்தால் எந்த மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

மரமே இல்லாத தெருவா? மொட்டை மாடி போதும். அங்கே காகமும் பருந்தும் மேகமும் இருக்கும்.

நேரம்

பெங்களூரில் சூரியன் ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜனவரியில் 6:45ஐ ஒட்டியும் உதிக்கும். உதித்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம் பறவைகளுக்கு நல்ல நேரம். வண்டிச் சத்தமும் குறைவு. பெண்கள் தனியாகப் போவதானால் நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு போவது நல்லது. ஏரிக்கரைக்குத் தனியாகப் போக வேண்டாம்.

நைட் ஷிப்டு முடித்துக் காலையில் தூங்குகிறவர்கள் மாலை 5:30 முதல் 6:30 வரை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தூங்குமூஞ்சி மரமே ஏற்றது. பொழுது சாயும்போது அதன் சிற்றிலைகள் ஒன்றோடொன்று மடிந்துகொள்ளும். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு வீக்கத்தில் நீர் ஏறி இறங்குவதால் இது நடக்கிறது. மேகம் மூடிய பகலிலும் ஓரளவு மடியும். உறங்கப் போகும் நேரம் தலைகீழாகிவிட்டவர்களுக்கு, 'அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்' என்ற சங்கீதம் 127:2 இந்த மரத்தடியில் வேறு மாதிரி கேட்கும்.

அந்த 20 நிமிடம்

வேதபகுதியை முந்தின இரவே வாசித்துவிடுங்கள். பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். காலையில் மரத்தடியில் முதல்முறையாக வாசித்தால், கண் அந்த வசனத்துக்குப் பொருந்துவதை மட்டும் தேடும். இரவு வாசித்தது உள்ளே ஊறியிருக்கும். காலையில் கண் சுதந்திரமாக இருக்கும்.

முதல் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். போன் விமானப் பயன்முறையில் இருக்கட்டும். வீட்டிலேயே விட்டுவந்தால் இன்னும் நல்லது. சின்னதாக ஒரு ஜெபம் செய்யுங்கள்: 'ஆண்டவரே, நீர் படைத்ததை நான் சரியாகப் பார்க்க உதவி செய்யும்.'

அடுத்த பத்து நிமிடம் ஒன்றை மட்டும் பாருங்கள். ஒரு கிளை, ஒரு காகம், பட்டையில் ஏறும் ஒரு எறும்பு வரிசை. மூன்றாம் நிமிடத்தில் 'பார்த்தாயிற்று' என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், அதன் பிறகே விவரங்கள் தெரியத் தொடங்கும். உதவிக்குக் கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இது எங்கிருந்து வந்தது? எதைத் தின்கிறது? நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது? இதற்கு என்ன ஆபத்து?

பிறகு இரவு வாசித்த பகுதியை மெதுவாக, உதடசைய, ஒருமுறை வாசியுங்கள். மனதை அழுத்தும் ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். 'எல்லாப் பாரத்தையும்' என்று பொதுவாகச் சொல்வதைவிட 'வெள்ளிக்கிழமை மேனேஜரோடு நடக்கப்போகும் மீட்டிங்' என்று சொல்வது நல்லது.

கடைசி மூன்று நிமிடம் நோட்டுக்கு. தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள்: என்ன பார்த்தேன், எது புரியவில்லை, என்ன வாசித்தேன், எதை ஒப்படைத்தேன். 'புரியவில்லை' வரியைத் தவிர்க்காதீர்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் அந்த வரிகளில்தான் விசுவாசம் வளர்ந்த இடம் தெரியும். ஒப்படைத்த காரியங்களும் எப்படி முடிந்தன என்று அப்போது பார்க்கலாம். சில நீங்கள் கேட்டபடி முடிந்திருக்கும், சில முடிந்திருக்காது. இரண்டையும் மறைக்காமல் குறித்துவையுங்கள்.

முதல் வாரம்: காகம்

மயிலோ கிளியோ வேண்டாம், காகத்தில் தொடங்குங்கள். லூக்கா 12:24இல் இயேசு காட்டுவது காகத்தைத்தான். லேவியராகமம் 11இன்படி காகம் அசுத்தமான பறவை. பலியாகவும் ஆகாது, உணவாகவும் ஆகாது. சந்தையில் யாரும் விலை கொடுக்காத அந்தப் பறவைக்குத் தேவன் உணவு கொடுக்கிறார் என்றுதான் சீஷர்களுக்குச் சொல்லப்படுகிறது. எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்ததும் இதே பறவை (1 இராஜாக்கள் 17). யோபு 38:41இலும் சங்கீதம் 147:9இலும் கூப்பிடும் காக்கைக்குஞ்சுகளுக்கு இரை கொடுக்கிறவர் அவரே என்று வருகிறது.

பொழுது விடியுமுன்னே காகங்கள் கூட்டமாகத் தங்கிய மரங்களை விட்டுக் கிளம்பிவிடும். பிறகு ஒன்றைக் கண்ணால் தொடருங்கள். டீக்கடை வாசல், குப்பை வண்டி, மீன்கடை, அடுக்குமாடியின் சமையலறை ஜன்னல் என்று அலைந்துகொண்டே இருக்கும். இங்கே முதல் திருத்தம் வரும். தேவன் பிழைப்பூட்டுகிறார் என்றால் இரை வாயில் வந்து விழும் என்று அர்த்தமல்ல. காகம் நாள் முழுவதும் உழைக்கிறது. அதனிடம் இல்லாதது அடுத்த மாதத்தைப் பற்றிய பயம். வேலையை விட்டுவிட்டு 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று உட்கார இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்கிறவர்கள் காகத்தைப் பார்த்ததில்லை.

கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மிஞ்சிய துண்டைக் காகம் சில சமயம் ஓட்டு இடுக்கிலோ தொட்டி மண்ணிலோ ஒளித்துவைக்கும். 'பண்டசாலையுமில்லை, களஞ்சியமுமில்லை' என்று வசனம் சொல்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஓட்டு இடுக்கில் செருகிய அந்தத் துண்டு களஞ்சியமாகாது. இதற்குச் சற்று முன்னால்தான், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, 'ஆத்துமாவே, உனக்காக அநேக வருஷங்களுக்கு அநேகம் பொருள்கள் சேர்த்துவைக்கப்பட்டிருக்கிறது' என்று தன்னோடு பேசிக்கொண்ட பணக்காரன் வருகிறான் (லூக்கா 12:16-21). அவனையும் காகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கண்டிக்கப்படுகிறது என்று விளங்கும். மாதம் கொஞ்சம் சேமிப்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. சேமிப்பே உயிரைக் காப்பாற்றும் என்று நம்புவதுதான் கண்டிக்கப்படுகிறது.

கூடு கட்டும் கோடைக்காலத்தில் காகம் தலையில் கொத்த வரும். அந்த மரத்தடியைச் சில வாரம் தவிருங்கள், அல்லது குடை பிடித்துப் போங்கள். அதே காலத்தில் குயில் காகக்கூட்டில் முட்டையிடும். காகம் வேறொருவர் குஞ்சை ஊட்டி வளர்ப்பதைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கலாம். மாடியில் யாராவது முன்னோர்களுக்கென்று காகத்துக்குச் சோறு வைத்தால் கேலி பேச வேண்டாம். விலகி நின்று பார்த்தால் போதும்.

குஞ்சு கீழே விழுந்து செத்துக்கிடப்பதையும் ஒருநாள் பார்ப்பீர்கள். அன்று நோட்டை மூடிவிட்டு வந்துவிடாதீர்கள். அன்றைக்கு மத்தேயு 10:29-31ஐ வாசியுங்கள். அடைக்கலான் குருவி விழாது என்று இயேசு சொல்லவில்லை. பிதாவின் சித்தமில்லாமல் அதில் ஒன்றும் தரையில் விழாது என்கிறார். அவர் அதைச் சொன்னது துன்புறுத்தப்படப்போகும் சீஷர்களிடம். விழுவதைப் பார்க்காமல் கற்ற நம்பிக்கை, ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்த அன்றே உடைந்துபோகும்.

இரண்டாம் வாரம் முதல்: மரம்

மரத்தை ஒரு வாரத்தில் பார்த்து முடிக்க முடியாது. காகம், மழை, வானம் எல்லாவற்றுக்கும் நடுவில் தொடர்ந்து திரும்பிவர வேண்டியது மரத்திடம்தான்.

முதல் நாள் நான்கு திசையிலிருந்தும் பாருங்கள். ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்துச் சிறு நூலை இறுக்காமல் கட்டுங்கள். ஆணி அடிக்காதீர்கள். இரும்புக் கம்பியும் வேண்டாம், கிளை பருக்கும்போது அது பட்டைக்குள் புதையும். வாரம் ஒருமுறை அந்தக் கிளை நுனியில் தளிர் எத்தனை, பூ உண்டா, இலையில் என்ன பூச்சி என்று எழுதுங்கள். புங்க இலையில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். இலையின் இரு தோல்களுக்கு நடுவே ஒரு புழு தின்றுகொண்டே போன பாதை அது. வேறு இலைகளில் மொட்டு மொட்டாக முடிச்சுகள் இருக்கும். ஆரோக்கியமான மரத்திலும் இவை உண்டு. அடிபடாத இலையாக ஒன்றைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கடினம்.

இப்போது எரேமியா 17:7-8ஐ எடுங்கள். தண்ணீரண்டையில் நாட்டப்பட்ட அந்த மரத்துக்கும் உஷ்ணம் வருகிறது, மழைத்தாழ்ச்சியான வருஷமும் வருகிறது. வேர் கால்வாய் ஓரமாக ஓடியிருப்பதால் இலை பச்சையாய் இருக்கிறது. 2024 கோடையில் பெங்களூரின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீருக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த மார்ச்சிலும் தெருமரங்கள் தளிர் விட்டன. வேர் எங்கே போகிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் வேர் இப்போது எதில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை: சம்பளத்திலா, ஒரு மனிதரிடமா, கர்த்தரிடமா? எரேமியாவும் முந்தின வசனங்களில் இதே கேள்வியை வைக்கிறார். மனுஷன்மேல் நம்பிக்கை வைத்தவனை அவர் வனாந்தரத்துக் கறளையான செடிக்கு ஒப்பிடுகிறார்.

சாலை விரிவாக்கத்துக்கோ மின்கம்பிக்கோ உங்கள் மரத்தையே வெட்டிவிட்டால்? இந்த நகரத்தில் அது நடக்கும். அடிமரம் மிஞ்சியிருந்தால் அதையே தொடர்ந்து பாருங்கள். புங்கன் போன்ற மரங்களின் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் இருக்கும். மேலே கிளை போனதும் அவை விழித்துக்கொள்ளும். வெட்டிய வாய்க்குக் கீழே சில வாரங்களில் கொத்தாகத் தளிர் வரலாம். யோபு 14:7-9 இதையே பார்த்துச் சொன்னது: 'ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு, அது வெட்டிப்போடப்பட்டாலும் திரும்பத் தழைக்கும்.'

ஆனால் அங்கே நிறுத்தி ஆறுதல் அட்டையில் எழுதிவிடாதீர்கள். அடுத்த வசனத்தில் யோபு, மனுஷனோ செத்தபின் ஒழிந்துபோகிறான் என்று புலம்புகிறான். மரத்துக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லையே என்பதுதான் அவன் வாதம். மரத்தைப் பார்த்து அவனுக்குப் பொறாமையும் அழுகையும் வருகின்றன. அந்தக் கேள்விக்கான பதில் மரத்தில் கிடையாது. யோவான் 11:25இலும் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்திலும், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவிடத்தில்தான் அது இருக்கிறது. இயற்கை எவ்வளவு தூரம் அழைத்துப் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை யோபுவின் இந்த அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. பிரியமானவரைப் பறிகொடுத்தவர் யாராவது உங்களோடு மரத்தடிக்கு வந்தால் 7ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் 14ஆம் வசனம்வரை வாசியுங்கள். அவர்கள் மனதில் இருப்பதை யோபு அவர்களுக்காகச் சொல்லிவிடுவான்.

மழையும் விதையும்

மழையை அளந்து பாருங்கள். நேரான பக்கங்கள் உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை மாடியில் திறந்தவெளியில் வையுங்கள். மழை விட்டதும் ஸ்கேலால் அளந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். ஒரு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை என்பது 10 லிட்டர் தண்ணீர். 30க்கு 40 அடி சைட் என்றால் ஏறக்குறைய 111 சதுர மீட்டர்; அப்படியானால் அந்த ஒரு மனையில் மட்டும் சுமார் 1,100 லிட்டர். 50 மில்லிமீட்டர் கொட்டிய மாலையில் 5,500 லிட்டர். குழாயில் வரும் காவிரி நீரோ ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் பம்பு செய்து ஏற்றப்படுகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு சங்கீதம் 65:9-10ஐ வாசியுங்கள். நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் அவர் மழையைப் பெய்யப்பண்ணுகிறார் என்ற மத்தேயு 5:45ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்வான பகுதியில் வீடு உள்ளவர்களுக்கு அதே மழை வீட்டுக்குள் வரும். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதியே மூழ்கியது. நன்றி சொல்லும் ஜெபத்தில் அவர்களையும் நினையுங்கள்.

அளந்த பாத்திரத்தை உடனே கவிழ்த்துவையுங்கள். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். பறவைகளுக்கு வைக்கும் தண்ணீருக்கும் இதே விதி. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமில்லாத மண்சட்டி, நடுவே குருவி நிற்க ஒரு கல், தினமும் புது நீர், இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுதல். தானியம் போட வேண்டாம். பெங்களூர்ப் பால்கனிகளில் தானியத்துக்கு வருவது பெரும்பாலும் மாடப்புறா. அதன் எச்சம் நுரையீரலுக்குக் கெடுதல்.

விதைக்குக் காராமணி எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பயறாக இருக்க வேண்டும். உடைத்ததும் வறுத்ததும் முளைக்காது. ஆறு மணி நேரம் ஊறவைத்து, அடியில் துளையுள்ள 15 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில், இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஐந்து விதை போடுங்கள். மண் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும். வெளிச்சம் போதாவிட்டால் வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து மடங்கும். நான்கைந்து நாளில் முளை வரும். குளிர்காலத்தில் கொஞ்சம் தாமதமாகும். முளை தலைகுனிந்து, வளைந்த கழுத்தால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். நுனித் தளிர் சிதையாமல் இருக்கவே அந்த வளைவு. வெளிச்சம் பட்டதும் தானே நிமிரும். அவசரப்பட்டு விரலால் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

இரண்டாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்க்கத் தோன்றும். கிளறாதீர்கள். மாற்கு 4:26-29இல் விதைத்தவன் இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்கிறான்; அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. பிள்ளைகளுக்காக, தம்பிக்காக, மனம் மாறாத கணவருக்காக வருடக்கணக்கில் ஜெபிக்கிறவர்கள் இந்தத் தொட்டியை அவசியம் வையுங்கள்.

பருந்தும் நட்சத்திரமும்

அலுவலக மதிய இடைவேளைக்கு ஏற்றது பருந்து. காலையில் அது கிளையிலோ டவரிலோ சும்மா உட்கார்ந்திருக்கும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தரையும் கட்டடங்களும் சூடேறி வெப்பக்காற்று எழும்பிய பிறகு, சிறகை விரித்து வட்டமிட்டபடியே உயரும். சிறகு அடிப்பது மிகக் குறைவு. ஏசாயா 40:31 பேசும் கழுகு வேறு பெரிய பறவை. ஆனாலும் எழும்பும் முறை ஒன்றே: காத்திருந்து, தன்னுடையதல்லாத பலத்தில் ஏறுவது. செம்மண் நிற உடலும் வெள்ளைத் தலையும் தெரிந்தால் செம்பருந்து. ஏரிப் பக்கம் அதிகம்.

நட்சத்திரத்துக்கு இந்த ஊரின் வெளிச்சம் இடையூறுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை எட்டு மணிக்கு மேல் மாடியிலிருந்து மிருகசீரிஷத்தின் வரிசையான மூன்று நட்சத்திரங்கள் தெரியும். யோபு 38:31 அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது.

எங்கே தவறிப்போகும்

அதிகம் பார்க்கும் தவறு, இயற்கையைச் சகுனமாக்குவது. காகம் கரைந்தால் விருந்தாளி, பல்லி சொன்னால் பலன் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே பழக்கம் கிறிஸ்தவ உடையில் வரும்: 'ஜெபித்தபோது வண்ணத்துப்பூச்சி தோளில் உட்கார்ந்தது, ஆகவே இந்த வேலையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.' வேலை, திருமணம், வீடு போன்ற முடிவுகளுக்கு வேதவசனம், ஜெபம், சபையின் மூப்பர்கள், அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை ஆகியவை உண்டு. வண்ணத்துப்பூச்சிக்கு அந்தப் பொறுப்பு கொடுக்கப்படவில்லை. அதைப் பார்த்துப் படைத்தவரைத் துதித்துவிட்டு விடுங்கள்.

அடுத்தது, அழகை மட்டும் தேடுவது. ஜனவரி முதல் மார்ச் வரை தபேபுயா மரங்கள் பூத்துக் குலுங்கும்போது எல்லோருக்கும் துதிக்க வரும். பெல்லந்தூர் ஏரி 2015 முதல் 2018 வரை நுரை பொங்கியும் தீப்பற்றியும் செய்தியானது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் அதில் கலந்ததே காரணம். அந்தக் கரையிலும் ஒருமுறை நின்று ரோமர் 8:19-23ஐ வாசியுங்கள். சர்வசிருஷ்டியும் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்பதை அங்கே நின்றுதான் உணர முடியும். அதில் நம் வீட்டு சோப்பு நுரையும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதிலாக மரத்தடி போதும் என்று இருந்துவிடாதீர்கள். மரம் திருவிருந்து தராது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி கொண்டுவராது. சிவாஜிநகர், அல்சூர், பிரேசர் டவுன் பக்கங்களில் தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயங்கள் பல உண்டு. முதல் மாதத்திலேயே ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், இதை விசுவாசக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிக நேரம் மரத்தடியில் உட்காராதீர்கள். சூரைச்செடியின் கீழே சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது தூக்கமும் சுட்ட அப்பமும் தண்ணீரும் (1 இராஜாக்கள் 19:4-8). பேச்சு அதற்குப் பிறகுதான். மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே நகரத்தில் இருக்கிறது. போதகரிடமோ நம்பகமான ஒருவரிடமோ அன்றே சொல்லிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை சேர்ந்து

தனியாக இரண்டு மாதம் பழகியபின் சபையில் ஐந்து முதல் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அது பிக்னிக் ஆகிவிடும். சனிக்கிழமை காலை நல்லது. லால்பாக் போனால் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்குப் போங்கள். புவியியலாளர்கள் ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமை சொல்லும் பாறை அது, தேசியப் புவியியல் நினைவுச்சின்னமும்கூட. அதன்மேல் நின்று, பர்வதங்கள் தோன்றுமுன்னே தேவனாயிருக்கிறவரைப் பற்றிய சங்கீதம் 90ஐ ஒருவர் வாசிக்கலாம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நிழல் கிடையாது. ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியாக ஓடி ஏரியில் சேர்கிறது. நாரைகளும் கூழைக்கடாக்களும் வரும் இடம். சர்ஜாபூர் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைகொண்டரஹள்ளி ஏரி வசதி.

இருபது நிமிடம் எல்லோரும் பிரிந்து தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கூடுங்கள். ஒவ்வொருவரும் முதலில் பார்த்ததை மட்டும் இரண்டு நிமிடம் சொல்லட்டும். பிரசங்கம் வேண்டாம். பிறகு ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம். பாட்டு பாடுவதானால் தாழ்ந்த குரலில் பாடுங்கள், பூங்கா எல்லோருக்கும் பொது. ஸ்பீக்கர் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் வந்தால் ஆளுக்கொரு உதிர்ந்த இலை எடுத்துவரச் சொல்லுங்கள். பூப்பறிக்கவும் குரங்குக்குத் தீனி போடவும் விடாதீர்கள். ஏரிப் பூங்காக்கள் பலவும் காலையிலும் மாலையிலும் மட்டுமே திறந்திருக்கும். முந்தின நாளே யாராவது ஒருவர் போய் வாசல் பலகையில் நேரம் பார்த்துவந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.